மூணாவது கலயம்

இந்தக் காலத்தில் எவனும் எதையும் சுத்தமாகத் தருவதில்லை என்று முணுமுணுத்துக்கொண்டேதான் யாகப்பன் கள்ளுக்கடைக்குள் நுழைந்தார். நாற்பது வருஷம் மரமேறியவர் அவர்.

பிள்ளைப்பாக்கத்தில் போலீசுக்குத் தெரியாமல் புதிதாகக் கடை போட்டிருந்த நாகப்பன் மூன்று கலயங்களை முன்னால் வைத்தான்.

"மூணு பேரு அனுப்பிக்கீறாங்க, பெரியவரே. உங்க பையன் யேசுராஜும் ஒருத்தன். எது யார்துன்னு சொல்லமாட்டேன். குடிச்சிப் பாத்துச் சொல்லுங்க. வருஷம் முழுக்க ஒருத்தனுக்குத்தான் சப்ளை."

மகனுக்குக் கிடைக்கவேண்டும் என்றுதான் யாகப்பனுக்கு ஆசை. ஆனாலும் உள்ளதைத்தான் சொன்னார்.

"மொதல்து பனங்கள்ளு. தேன் மாதிரி கீது. ரெண்டாவது தென்னை, கொஞ்சம் புளிச்சிப்போச்சு."

மூன்றாவதை வாயில் வைத்ததுமே துப்பினார். "த்தூ! பாதி தண்ணி. போதைக்கு மாத்திரை வேற. இத்த எறக்கனவன் உருப்படுவானா?"

நாகப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "இவன்தான் எனக்கு வேணும்! ஷிப்ட் முடிஞ்சி வர்றவனுக்கு ருசி இன்னாத்துக்கு? ரெண்டு கிளாஸ்ல கவுத்தாப் போதும். கலக்கத் தெரிஞ்சவன் யாருன்னு பாக்கத்தான் உங்களைக் கூப்ட்டேன்."

வாசலில் நின்றிருந்த யேசுராஜ் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நைனா, அந்த மூணாவது நம்ம கலயம்தான்!"

யாகப்பன் கையை உதறினார்.

"பொய் சொல்லாதடா. உன்து மொதல் கலயம். எனக்குத் தெரியாதா?"

திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.