வேண்டத் தெரியாதவள்

"சொல்லிக் குடுங்க அத்தை, நேரமில்ல..."

"மாட்டேன்டி! பேசாம உக்காரு!"

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மாமியார் ராணியும் மருமகள் தேன்மதியும். நாட்டில் ஓட்டெடுப்பு நடத்தி எல்லா மதங்களையும் வழிபாட்டையும் இழுத்து மூடி முப்பது வருடம். தேன்மதி அதற்குப் பிறகு பிறந்தவள்.

"உள்ள கிடக்கிறது உங்க புள்ளை. டாக்டரே சந்தேகம்னுட்டார்."

"என் மூத்தவனைச் சாமி பேரைச் சொல்லித்தான் கொளுத்தினாங்க. அவனும் சாமி பேரைச் சொல்லித்தான் கத்தினான். மூடச் சொல்லி ஓட்டுப் போட்டேன். இன்னிக்கும் போடுவேன்."

"போடுங்க. வேணாம்னு தூக்கிப் போட உங்களுக்காவது ஒண்ணு இருந்துச்சு. எனக்கு?"

உள்ளே அபாய மணி அலறியது. இரண்டு நர்ஸுகள் ஓடினார்கள். தேன்மதி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, கையைக் கூப்பணுமா, விரிக்கணுமா? அதையாவது சொல்லுங்க."