பந்தலில் கொடுத்த துண்டு

செருப்புத் தொழிற்சாலையை இடித்துத் தள்ளிய காலி மனையில் பந்தல் போட்டிருக்கிறார்கள். நீலத் தார்ப்பாய் வழியே இறங்கும் வெயிலில் எல்லார் முகமும் நீலம் பாரித்துக் கிடக்கிறது. கொரியத் துறைமுக நகரமான பூசானின் கடல்காற்று அடிக்கும்போதெல்லாம் பாய் படபடக்கிறது, மைக் கீச்சிடுகிறது. மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் வரப்போகும் நகரம்: வெள்ளைக் கோபுரங்கள், பொம்மைக் கார்கள், விரலளவு மனிதர்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் தன் நூடுல்ஸ் கடையைத் தேடி மால்சுன் குனிகிறாள். கடை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பாஞ்சில் செய்த பச்சை மரம் ஒன்று நிற்கிறது. "இந்த மரத்துக்கு யாரு தம்பி தண்ணி ஊத்துறது?" மாநகராட்சி அதிகாரி பியோ பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். "அட, இது சும்மா மாதிரிதாம்மா. பணம் போட வர்றவங்ககூட இன்னும் இதைப் பாக்கல. எதுவும் முடிவாகல. உங்க கருத்தைக் கேக்கத்தானே இந்தக் கூட்டமே!" இவ்வளவு இனிப்பு அவளுக்கு ஆகாது. முறைத்துக்கொண்டே நெற்றியைப் புறங்கையால் வழிக்கிறாள். "வேர்த்துக் கொட்டுதே, இந்தாங்க" என்று மேசைக்கடியில் இருந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துப் புதுத் துண்டு ஒன்றை நீட்டுகிறார் பியோ. எந்த விழாவானாலும் பெயரும் தேதியும் அச்சடித்துத் துண்டு கொடுப்பது அங்கே வழக்கம். மால்சுன் பிரித்துப் பார்க்கிறாள். ஓரத்தில் நீல எழுத்து: 'கட்டடப் பணி தொடக்க விழா நினைவாக.' தேதி அடுத்த மாதம். பியோவின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. கை துண்டை நோக்கி நீள்கிறது. அதற்குள் அவள், வயலில் இறங்குகிறவளைப் போல, அதைத் தலையில் இறுக்கிக் கட்டிவிடுகிறாள், எழுத்து நெற்றியில் தெரியும்படி. மைக்குக்கு நேரெதிரே முதல் வரிசையில் போய் உட்காருகிறாள். "ம், கேளுங்க தம்பி. என்ன கருத்து வேணும்?"