மெட்டலர்ஜி எடுத்தவள்

"உன் மார்க்குக்கு கம்ப்யூட்டர் பிரிவே கிடைக்கும்மா. எதுக்கு உலோகம் படிக்கிற மெட்டலர்ஜி?"

கல்லூரி சேர்க்கை அறையில், கணினித் திரைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தலையை நீட்டி அவளைப் பார்த்தார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"இவ அண்ணன் ராணுவத்துல இருந்தான் சார். பீரங்கிப் படை. போன வருஷம் எல்லையில போயிட்டான்."

தட்டிக்கொண்டிருந்த அதிகாரியின் விரல்கள் நின்றன.

அப்பா பஸ் டிரைவர். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. வரிசையில் கடைசியாக நின்றவருக்கும் கேட்டது.

எதிரி போட்ட குண்டு நேராகப் பீரங்கி மேலேயே விழுந்ததாம். மற்றவர்கள் பதுங்கு குழிக்கு ஓடிவிட்டார்களாம். இவன் மட்டும் அசையவில்லையாம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அப்பா கொஞ்சம் சேர்த்துக்கொள்வார். இன்றைக்குச் சொன்ன கதையில் மகன் சாவதற்கு முன்னால் எதிரியின் ஒரு முகாமையே தரைமட்டமாக்கியிருந்தான்.

பக்கத்து நாற்காலியில் அம்மா ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினாள். மகன் போனதிலிருந்து அவள் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் பார்த்துக்கொண்டே நிற்பாள். இந்தக் கதையைக் கேட்கும்போது மட்டும் முகத்தில் கொஞ்சம் களை வரும்.

"அதான் சார், படிச்சு முடிச்சு ஆயுதத் தொழிற்சாலைக்குத்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அவனுங்க தலையில விழுற குண்ட இவ கையாலயே செய்யணுமாம்."

வரிசையில் யாரோ கை தட்டினார். அதிகாரி எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவள் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

போன வருஷம் அண்ணனின் சவப்பெட்டியோடு அவன் நண்பன் ஒருவன் வந்திருந்தான். அதே பீரங்கிக்குக் குண்டு தூக்கிக் கொடுத்தவன். அந்த நேரத்தில் லாரிப் பக்கம் போயிருந்ததால் பிழைத்தவன். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று ராணுவ அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். கொல்லைக் குழாயடியில் கை கழுவப் போனவனை அவள் மடக்கினாள். ஏன் திறக்கக் கூடாது என்று கேட்டாள்.

அவன் நெடுநேரம் கை கழுவிக்கொண்டே இருந்தான்.

"அன்னிக்கு எதிரி பக்கத்துலேருந்து ஒண்ணுமே வரல தங்கச்சி. நம்ம குண்டுதான். குழலுக்குள்ளயே வெடிச்சிருச்சு. அந்தத் தடவ வந்த சரக்கே சரியில்லன்னு சொல்லிப் பாத்தோம். யாரும் காதுல வாங்கல."

அப்பா அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னான். எதிரி கையால் செத்தான் என்றாவது இருக்கட்டும் என்றான்.

குண்டின் இரும்புக் கூட்டில் மயிரிழை அளவுக்கு விரிசல் இருந்தால் போதும் என்று அப்புறம் அவளாகவே படித்துத் தெரிந்துகொண்டாள். இரும்புக்குள் ஒளிந்திருக்கும் விரிசலைக் கண்டுபிடிப்பதும் மெட்டலர்ஜிதான். அந்தச் சரக்கை அனுப்பிய தொழிற்சாலை இந்தக் கல்லூரியிலிருந்துதான் ஆள் எடுக்கிறது. உள்ளே போய் என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. அதை 'சரி' என்று அனுப்பியவனின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவனுடைய நாற்காலியில் தான் உட்கார வேண்டும். அவ்வளவுதான் தெரியும்.

"ஒரு தடவ உறுதி பண்ணிட்டா மாத்த முடியாது. யோசிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அதிகாரி முத்திரை எடுத்துவர உள்ளே போனார். அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தாள்.

அப்பா அவள் பக்கம் சாய்ந்தார். அவர் குரல் இவ்வளவு தாழ்ந்து அவள் கேட்டதே இல்லை.

"எதிரிய விடும்மா. அவன் மேல விழுந்தா என்ன, விழாட்டி என்ன. நம்ம புள்ளைங்க பீரங்கி பக்கத்துல நின்னு போடுறாங்க பாரு, அவங்க கையில வெடிக்கக் கூடாது. அத மட்டும் பாத்துக்க."

அவள் சட்டென்று திரும்பினாள். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு யாருப்பா சொன்னா?"

"அந்தப் பையன்தான். போறப்ப பஸ் ஸ்டாண்டுல வச்சுச் சொன்னான். உனக்கும் அம்மாவுக்கும் தெரிய வேணாம்னான்." உள்ளங்கையை மூடிக்கொண்டார். "நீ மெட்டலர்ஜின்னு சொன்ன அன்னிக்கே புரிஞ்சுபோச்சு."

ஊரெல்லாம் கேட்க அவர் சொன்னது எல்லாம் ஒரே ஒரு ஆளுக்காக. அந்த ஆள் வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"என்ன பேசிக்கிட்டிருக்கீங்க?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா வாயைத் திறந்தார். உதடு அசைந்ததே தவிர சத்தம் வரவில்லை.

"அண்ணனப் பத்தித்தாம்மா" என்றாள் அவள்.

அம்மா உட்கார்ந்தாள். நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீ சொல்லி நான் கேட்டதே இல்லையே. சொல்லு."

எதிரி போட்ட குண்டிலிருந்து அவள் சொல்லத் தொடங்கினாள். நடுவில் எங்காவது தடுமாறிவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

தடுமாறவில்லை.