பதினேழு விரல்கள்

"இன்னைக்குக் காலையில மட்டும் பதினேழு விரல்!" என்று முதலுதவிப் பதிவேட்டை மேசைமேல் பொத்தென்று போட்டாள் மோகனா. "நீங்கல்லாம் பிஸ்கட்ட பேக் பண்றீங்களா, விரல பேக் பண்றீங்களா?"

ஜெலுத்தோங் வட்டாரத்திலுள்ள அந்த பிஸ்கட் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவுப் பெண்கள் பதினேழு பேரும் பிளாஸ்டர் ஒட்டிய விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்கள். அட்டைப்பெட்டி வெட்டும் கத்தி கீறிவிட்டது என்பதுதான் அத்தனை பேருடைய வாக்குமூலமும்.

மோகனா அங்கே பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. காயம் ஏறினால் இன்சூரன்ஸ் கட்டணம் ஏறும், கட்டணம் ஏறினால் மேனேஜர் பழனியப்பனுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

"இந்த வாரக் கடைசிக்குள்ள இத நிப்பாட்டுங்க. இல்லன்னா உங்க கன்ஃபர்மேஷன் லெட்டர மறந்துடுங்க லா" என்று முந்தின நாள்தான் அவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

பாவம், அவளும் பார்க்காத வைத்தியமில்லை. கத்தியை மாற்றிப் பார்த்தாள், தடித்த கையுறை வாங்கிக் கொடுத்தாள். ம்ஹூம்! நாளுக்கு நாள் பிளாஸ்டர் டப்பாதான் காலியாகிக்கொண்டிருந்தது.

"செலவக் குறைக்க நீங்கதான் எனக்கு உதவணும்" என்று மோகனா இறங்கி வந்தாள். "காயம் ஏன் வருதுன்னு உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? பயப்படாம சொல்லுங்க."

பெண்கள் எல்லாரும் தெரேசா அக்காவைப் பார்த்தார்கள். பேக்கிங் பிரிவுக்கு அவள்தான் லீடர், அவள் கனைத்தால் ஓடுகிற பெல்ட்டும் நின்றுவிடும்.

"மிஸ், சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. கத்தி மேல தப்பில்ல. முதலுதவி ரூம்ல உக்காந்திருக்காரே பிரவின் தம்பி, அவராலதான் எல்லாம்."

மோகனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, அவர் என்ன செஞ்சாரு?"

"ஒண்ணும் செய்யல, சிரிக்கறாரு. விரலப் புடிச்சு ஊதி, 'வலிக்குதா?'ன்னு கேக்கறாரு. அப்புறம் இதுங்களுக்குக் கத்தியில எப்படி மிஸ் கவனம் நிக்கும்?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மோகனாவின் காதுகள் சூடாயின. பிரவினின் சிரிப்பு எப்படிப்பட்டது என்று அவளுக்கும் தெரியும். அதனால்தான் அவன் தினமும் பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டினால், "அங்க வைங்க" என்று தலைநிமிராமல் அனுப்பிவிடுவாள்.

"சரி, இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"அவர உங்க ரூமுக்கே தூக்கிடுங்க, உக்காந்து ரிப்போர்ட் டைப் பண்ணட்டும். உங்களுக்கு எதிர் மேசை சும்மாதானே கெடக்கு? கட்டுப் போட, வாசல்ல காவலுக்கு நிக்கற ஜாகா நல்லமுத்து அண்ணன வைங்க. அவரும் முதலுதவி கோர்ஸ் முடிச்சவருதானே. அவரு மருந்து ஊத்துற வேகத்துக்கு எவளும் அந்தப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டா!"

எதிர் மேசையா! எட்டு மணி நேரமும் அந்தச் சிரிப்பை எதிரில் வைத்துக்கொண்டு மனுஷி எப்படி வேலை பார்ப்பது? ஆனால் வேலை நிலைத்தாக வேண்டுமே. "யோசிச்சுச் சொல்றேன்" என்று முகத்தை முறைப்பாக வைத்துக்கொண்டு மோகனா சாப்பிடப் போனாள்.

கேன்டீனில் அடுத்த மேசையிலேயே தெரேசா அக்கா இருந்தாள். பிளாஸ்டர் ஒட்டிய விரலாலேயே எலுமிச்சையை மீ கோரெங் நூடுல்ஸ் மேல் பிழிந்துகொண்டிருந்தாள். பிளாஸ்டர் நனைந்து விரலெல்லாம் சாறு வழிந்தது. அவளோ முகத்தைக்கூடச் சுளிக்காமல் பக்கத்திலிருந்தவளிடம் அரட்டை அடித்துக்கொண்டிருந்தாள்.

'அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்! இப்படிப்பட்ட உழைப்பாளிகளை நான் காப்பாற்றாமல் வேறு யார் காப்பாற்றுவது?' மோகனாவுக்கு மனசு இளகிவிட்டது. சாப்பிட்ட கையோடு போய் பிரவினின் மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் நல்லமுத்து அண்ணன் மருந்துப் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் பதிவேட்டில் ஒரு பெயர்கூட ஏறவில்லை.

"ஒரே கையெழுத்துல பதினேழ சைபராக்கிட்டீங்களே! தொழிலாளிங்கள கேட்டு முடிவெடுக்கறதுன்னா இதுதான்" என்று பழனியப்பன் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, வேலை நிரந்தரக் கடிதத்தை நீட்டினார்.

மோகனா படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். அறைக்குள் நுழைந்ததும், எதிர் மேசையிலிருந்து பிரவின் எழுந்து நின்றான்.

"கங்ராட்ஸ், மிஸ்!"

சந்தோஷத்தில் பாதுகாப்பு விதிகள் எல்லாம் மறந்து போயின. அவள் முதன்முறையாகத் தலைநிமிர்ந்து அவனைப் பார்த்தாள், வாய் நிறையச் சிரித்தாள். "மிஸ் வேணாம், மோகனான்னே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, வெட்கம் தாங்காமல் கடிதத்தை நகலெடுக்கிற சாக்கில் வெளியே ஓடினாள்.

பிரவின் கதவைச் சாத்தினான். கைபேசியை எடுத்து அவசர அவசரமாக எண்ணை அழுத்தினான்.

"தெரேசா அக்கா, பதினேழு பேரும் ஒரு சொட்டு ரத்தம் சிந்தாம என்னைய அவங்க எதிர்ல உக்கார வச்சுட்டீங்களே!"