மாத்திப் போட்ட ரியூப்

"இதென்ன கள்ள வேலை, அகஸ்ரின்?"

பஸ்ரியன் அண்ணை சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. நேரே உள்ளே வந்து, தூக்கி வந்த அம்பிளிபயரை மேசையில் தொப்பென்று வைத்தார். சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டு நின்ற அகஸ்ரினின் மனிசி வேரோனிக்கா கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

ஸ்காபரோவில் அந்த அப்பார்ட்மென்ற்றில் ஹோல் என்று ஒன்று இருப்பது பெயருக்குத்தான். அகஸ்ரின் வேலை செய்த பக்ரறி போன வருசம் மூடப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து அது அவனுடைய பட்டறை. பழைய காலத்து ரேடியோ மாதிரி, உள்ளே கண்ணாடி ரியூப் போட்டுக் கிற்றார் அம்பிளிபயர் கட்டுகிறான். முதல் கட்டியது பஸ்ரியன் அண்ணைக்கு. ஞாயிறு பூசையில் கிற்றார் வாசிக்கிற மனிசன். அவர் கண்ட இடமெல்லாம் புளுகித்தான் இன்னும் மூன்று ஓடர் வந்திருந்தது. அவர் வாயை மாற்றினால் மூன்றும் போய்விடும்.

"சத்தத்தைப் பத்திலை வைச்சும் காணாது. ஏனெண்டு பின்பலகையைக் கழட்டிப் பாத்தன். முதலாவது ரியூப் என்ன போடுறதெண்டு கதைச்சனாங்கள்?"

"ஏ-எக்ஸ்-செவன்."

"போட்டிருக்கிறது?"

"ஏ-யூ-செவன்."

"ரெண்டும் ஒண்டோ?"

"ரெண்டும் ஒரே சொக்கற்றிலை இருக்கும், அண்ணை. ஆனால் உது சத்தத்தை அவ்வளவு பெருப்பிக்காது."

கூசாமல் சொல்கிறானே. வேரோனிக்காவுக்கு முகம் சுட்டது.

"பேந்தென்னத்துக்கு அதைப் போட்டனீர்?"

"கையிலை இருந்தது அதுதான்."

"என்ன?"

"கையிலை இருந்தது அதுதான், அண்ணை." அகஸ்ரின் இன்னொருமுறை உரத்துச் சொன்னான்.

வேரோனிக்கா திகைத்துப் போனாள். ஏ-எக்ஸ்-செவன் ஆறேழு, மட்டைப் பெட்டிகளோடு, அவளுடைய தையல் மெசின் லாச்சிக்குள் கிடந்தன. நூல் எடுக்கப் போகிறபோதெல்லாம் அவற்றைத் தள்ளி வைத்துத் தள்ளி வைத்து அவளுக்கே பெயர் பாடமாகிவிட்டது.

"பெட்டியையும் கோணலாய்க் கட்டியிருக்கிறீர். முன்பக்கம் கூரையைப் பாத்துக்கொண்டு நிக்குது. அளவெடுக்கவும் தெரியாதோ?"

"பிழைதான்."

"சரியான ரியூப்பை இப்ப போட்டுத் தாரும்."

"இப்போதைக்கு இல்லை, அண்ணை."

பஸ்ரியன் அண்ணை அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாளைக்குக் குருத்தோலைப் பூசை. இல்லாட்டி உதை உம்மட தலையிலை போட்டிட்டுப் போயிருப்பன். இனி உம்மைப் பற்றி ஆரும் கேட்டால் நடந்ததைச் சொல்லுவன். விளங்குதோ?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அகஸ்ரின் கதவைச் சாத்திவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து ஈயம் வைத்து வயர் ஒட்டத் தொடங்கினான்.

"இஞ்சருங்கோ, லாச்சி நிறைய அந்த ரியூப்தானே கிடக்கு. என்னத்துக்குப் பொய் சொன்னனீங்கள்? அந்த மனிசன் பின்னேரத்துக்குள்ளை ரொறன்ரோ முழுக்கச் சொல்லிப்போடும். நான் ஒருத்தி எத்தினை ஷிப்ற்தான் செய்யிறது?"

அகஸ்ரின் தலை நிமிரவில்லை. "அருள்நாயகி ரீச்சர் வந்து கேட்டவ."

"பாட்டுக்குழு நடத்துற ரீச்சரோ? அவவுக்கும் ரியூப்புக்கும் என்ன கதை?"

"நீர் ஞாயிறிலை வேலைக்குப் போறபடியால் உமக்குத் தெரியாது. அண்ணைக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருது. பத்து வருசமாய்த் தகரம் அடிக்கிற மெசினுக்குப் பக்கத்திலையல்லோ நிண்டவர். தனக்குக் கேக்கவேணுமெண்டு முந்தின பெட்டியிலை கிழமைக்குக் கிழமை சத்தத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவர். பாட்டு ஒண்டும் கேக்கேல்லை. ஈஸ்ரரோடை அவரை நிப்பாட்டவேணுமெண்டு குழுவிலை எல்லாரும் ஒற்றைக்காலிலை நிக்கினம்."

"அதை அவரிட்டையே சொல்லலாமே?"

"மகள் சொல்லிப் பாத்தவள். அண்டையிலிருந்து அவளோடை கதை இல்லை. குழுவிலையிருந்து நிப்பாட்டினால் அந்த மனிசன் கோயில் வாசலும் மிதியாது. மனிசி மோசம் போனபிறகு ஞாயிற்றுக்கிழமைதான் சேட்டை அயன் பண்ணி உடுக்கிறார்."

அகஸ்ரின் ஒட்டின இடத்தை ஊதினான்.

"இந்த ரியூப் எண்டால் அவர் பத்திலை வைச்சாலும் ஐஞ்சின்ர சத்தம்தான் வெளியிலை வரும். வாற சத்தம் கதிரையிலை இருக்கிற அவற்ர காதுக்கு நேரை போகட்டும் எண்டுதான் பெட்டியைச் சரிச்சுக் கட்டினன்."

வேரோனிக்கா கதிரையை இழுத்து இருந்தாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயம் மட்டும் அப்படியே இருந்தது. பிறகு எழும்பிப்போய், மிச்ச வெங்காயத்தை அரிந்தாள்.

ஒரு மணித்தியாலம் ஆகியிருக்காது, ரெலிபோன் அடித்தது. வேரோனிக்கா ஈரக் கையோடு எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். ரெக்ஸ்டேலில் இருக்கிற கோகுலன். கலியாண வீடுகளுக்கு இசைக்குழு நடத்துகிறவன். மூன்று ஓடரில் இரண்டு அவனுடையது.

"அன்ரி, பஸ்ரியன் அங்கிள் இப்பதான் கோல் எடுத்தவர். அகஸ்ரின் அங்கிள் சொன்ன சாமானைப் போடாமல் மாத்திப் போட்டிட்டாராம். எங்கட ஓடரும் உங்களிட்டை இருக்கு, அதுதான் கேக்கிறன். உண்மையோ?"

அகஸ்ரின் இப்போதுதான் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"ஓம் தம்பி, உண்மைதான்," என்றாள் வேரோனிக்கா. "மாத்தித்தான் போட்டவர்."