நிற்காத சைக்கிள்

“இறங்கி நடக்கிறவன் விழ மாட்டான். ஏறிப் போறவன்...”

சாமிதுரை பேச்சுக்குப் பேச்சு இதைச் சொல்வார். பின்பாதி அவருக்கே சரியாக நினைவில்லை. ஒருநாள் ‘எழ மாட்டான்’ என்பார், இன்னொரு நாள் ‘ஏமாந்து போவான்’ என்பார். ஆனால் முன்பாதியைத் தினமும் கடைப்பிடித்தார்.

அவர் வயலுக்குப் போக ஒரே வழி பண்ணைத் தெருதான். தெருமுனை வந்ததும் சைக்கிளை விட்டு இறங்குவார். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டுவார். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார். தெரு முடியும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து, அப்புறம் ஏறுவார்.

அவர் அப்பா காலத்து வழக்கம். இப்போது யாரும் இறங்கச் சொல்வதில்லை. இறங்க வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கக் கொடி அந்தத் தெருமுனையிலேயே பறந்தது. அந்தக் கம்பத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

இத்தனைக்கும் அந்த வயல் அவருடையது. உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்து, சர்க்கார் பட்டா போட்டுக் கொடுத்த மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர்.

அறுபதைத் தாண்டியதும் முட்டி வலி வந்தது. மகன் வீரையன் மாயவரத்தில் வாத்தியார். பணம் கட்டிப் பதிந்து வருஷக்கணக்காகக் காத்திருந்த ஸ்கூட்டருக்கு அவன் முறையும் வந்தது.

“அப்பாவுக்குக் குடுத்துடுங்க வாத்தியாரே. புண்ணியமாப் போவும்” என்றது ஊர்.

வீரையன் ஸ்கூட்டரே வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டான். அப்துல் வஹாப்பின் சைக்கிள் கடைக்குப் போய், வயலுக்கு மருந்தடிக்கும் மெஷினிலிருந்து கழற்றிய பழைய மோட்டார் ஒன்றை அப்பாவின் சைக்கிளில் பொருத்தச் சொன்னான்.

“பெத்த அப்பனுக்குப் பூச்சிமருந்து மோட்டாரா?” என்று டீக்கடை சிரித்தது.

“பெட்ரோல் தீர்ந்தாத்தான் நிக்கும்ப்பா. வயல் வரைக்கும் அளந்து ஊத்தியிருக்கேன்” என்று சொல்லித்தான் அப்பாவை ஏற்றிவிட்டான்.

“பெட்ரோல்லயுமா கஞ்சத்தனம்!” என்றது டீக்கடை.

முதல் நாள், மிதிக்க மிதிக்க மோட்டார் பிடித்துக்கொண்டது. பண்ணைத் தெருமுனை வந்தது. சாமிதுரை இறங்கப் பார்த்தார். பிரேக்கைப் பிடித்தார். அந்தக் காலத்து பிரேக். சைக்கிள் உறுமியதே தவிர நிற்கவில்லை. ஒரு காலைத் தரையில் தேய்த்தார். செருப்பு மட்டும் இறங்கிக்கொண்டது.

“ஆண்டே! நிக்க மாட்டேங்குது ஆண்டே! நான் இறங்கிட்டதா நெனச்சுக்குங்க!”

வாசலில் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பண்ணையார், தன்மேல்தான் ஏறப்போகிறது என்று துள்ளி எழுந்தார்.

“என்னடா இது?”

“மோட்டாருங்க...” என்ற குரல் புகைக்குள்ளிருந்து வந்தது. ஆள் போய்விட்டார்.

சாயங்காலம் சாமிதுரை பண்ணை வாசலில் கை கட்டி நின்றார். பண்ணையார் வெகுநேரம் யோசித்தார். அவர் வம்சத்தில் இப்படி ஒரு வழக்கு வந்ததே இல்லை.

“ஒம்மேல தப்பு இல்லடா. மோட்டார் மேலதான் தப்பு. போ.”

அதிலிருந்து தினமும் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, மறு கையால் கும்பிட்டுக்கொண்டே பறந்தார். “மன்னிக்கணும் ஆண்டே, மோட்டார்!” பண்ணையாரும் ஒரு வேலையாக எழுந்து உள்ளே போவது போலப் போய்விடுவார்.

ஒருநாள் வளைவில் திரும்பாமல் சைக்கிள் நேரே வாய்க்காலில் இறங்கியது. சாமிதுரைக்கு முழங்கை பெயர்ந்தது. சேற்றோடு அவரைத் தூக்கி வந்து கட்டுப் போட்டார்கள்.

அவர் மனைவி காளியம்மாள் நேரே சைக்கிள் கடைக்கு வந்தாள். வீரையன் அங்கேதான் இருந்தான்.

“ஏன்டா, நாலு எழுத்துப் படிச்சது அப்பன வாய்க்கால்ல தள்ளத்தானா? ஸ்கூட்டரு வாங்கியிருந்தா நெனச்ச எடத்துல நிறுத்தி இறங்கியிருப்பாருல்ல?”

“அதாம்மா வாங்கல.”

“என்னது?”

“நிறுத்த முடிஞ்சா பண்ணைத் தெருவுல நிறுத்துவாரு. இறங்குவாரு. அந்த முட்டியோட ஸ்கூட்டரையும் தள்ளிக்கிட்டே போவாரு.”

வஹாப் மேஜை டிராயரைத் திறந்து கட்டைவிரல் அளவில் ஒரு சுவிட்சை எடுத்து வைத்தார்.

“இந்த மோட்டாருக்கும் நிறுத்துற சுவிட்ச் இருந்துச்சு, காளியம்மா. தம்பிதான் கழட்டச் சொன்னிச்சு. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். கேக்கல.”

“அடப்பாவி!” என்றாள் காளியம்மாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

அப்போதுதான் வாசலைப் பார்த்தார்கள். கையில் கட்டோடு, சேறு படிந்த சைக்கிளைப் பிடித்தபடி சாமிதுரை நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ.

“அத மாட்டு பாய்.”

“அண்ணே, தம்பி நல்லதுக்குத்தான்...”

“மாட்டுய்யா.”

வஹாப் மாட்டினார். சாமிதுரை சைக்கிளை ஸ்டாண்டில் போட்டு மோட்டாரை ஓடவிட்டார். கட்டைவிரலால் சுவிட்சை அழுத்தினார். சட்டென்று நின்றது. மறுபடி ஓடவிட்டு அழுத்தினார். நின்றது. மகன் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

கை தேறி அவர் மறுபடி கிளம்பிய அன்று, டீக்கடையில் ஒருவரும் இல்லை; எல்லோரும் தெருமுனையில் நின்றார்கள். சுவிட்ச் சேதி பண்ணைக்கும் போயிருந்தது. பண்ணையார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வீரையன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றான்.

மோட்டார் சத்தம் நெருங்கியது. சாமிதுரையின் கட்டைவிரல் சுவிட்சின் மேல் இருந்தது.

வயலுக்குப் போய்த்தான் அதை அழுத்தினார்.