பலகை முன்னால் மார்வா

பர்மிங்ஹாமில் ஓர் அரசு மருத்துவமனையின் வாசல் கூடம். மழை நாளின் மங்கல் வெளிச்சம் கண்ணாடி வழியே வந்து, ‘இங்கே நிறவெறிக்கு இடமில்லை’ என்ற ஆளுயரப் பலகையின் மேல் விழுகிறது. போன வருடத்துப் பலகைதான். தேதியின் மேல் மட்டும் புதுத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். படம் எடுப்பதற்காக அதன் முன்னால் மார்வா நிற்கிறாள். ஜமைக்காக்காரி, பத்தொன்பது வருட நர்ஸ், வார்டு மேலாளர் வேலைக்கு மூன்று முறை நேர்காணலுக்குப் போய் மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பியவள். “சீக்கிரம் ஆகட்டும் கெயித், ஊசி போடுற நேரம் தாண்டிப் போச்சு” என்கிறாள். மூன்று முறையும் அவளை வேண்டாமென்ற மேலாளர் கெயித், “கொஞ்சம் சிரிம்மா, உன்னாலதான் படமே எடுப்பா இருக்கு” என்கிறார். மேலாளர்கள் எட்டுப் பேர், எட்டும் வெள்ளை முகம், வரிசையாக வந்து பலகையில் கையெழுத்துப் போடுகிறார்கள். பேனா கிறீச்சிடுகிறது. கடைசியாகக் கெயித் போட்டு முடித்ததும் மார்வா பேனாவுக்காகக் கையை நீட்டுகிறாள். அவர் மூடியைத் திருகி, பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொள்கிறார். “இது மேலாளருங்க மட்டும் போடறதும்மா. நீ சும்மா நின்னா போதும்.” நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, காமிரா மின்னுகிறது.